கடைமடைக்குக் குளிர் போச்சா? - ஃபிரிட்ஜ், ஏசிக்குள் ஒளிந்திருக்கும் குட்டி ஷட்டரின் கதை!

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் ஏசி மெக்கானிக்குகளைக் கையில் பிடிக்க முடியாது. காலையில் போன் போட்டால் சாயங்காலம் வருவார்கள். சில வீடுகளுக்கு மறுநாள்தான். வந்ததும் அவுட்டோர் யூனிட்டில் கேஜை மாட்டி, முள்ளைப் பார்ப்பார்கள். அடுத்து வரும் வசனம் டெல்டாவில் பல வீடுகளுக்கு மனப்பாடம்.

"கேஸ் இறங்கிடுச்சுக்கா. ஏத்தணும்."

"போன வருஷம்தானே தம்பி ஏத்துன?"

"ஓட ஓட இறங்கத்தான்க்கா செய்யும்."

இதில் கடைசி வரிதான் தப்பு. ஸ்கூட்டரில் பெட்ரோல் தீர்வதுபோல ஏசியிலோ ஃபிரிட்ஜிலோ கேஸ் தீராது. அங்கே எதுவும் எரிவதில்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் ஒரே கேஸ்தான் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றுகிறது. குழாயில் ஓட்டை இல்லாதவரை, கம்பெனியில் ஏற்றிய கேஸே அந்த மெஷினின் ஆயுசு முழுக்கப் போதும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

இன்னொரு விஷயம். கசிவே இல்லாமலும் கேஜில் முள் இறங்கும். கேஸ் போகிற வழியில் ஓர் இடத்தில் அடைத்துக்கொண்டால் போதும். பெரும்பாலும் அந்த இடம் எக்ஸ்பான்ஷன் வால்வு, அல்லது அந்த வேலையைச் செய்யும் கேபிலரி என்ற மெல்லிய குழாய். வீட்டில் பலருக்கு கம்ப்ரஸரைத் தெரியும். குளிரைப் பிறக்க வைக்கும் இந்தச் சின்ன உறுப்பைத் தெரிந்தவர்கள் குறைவு.

குக்கரைத் திருப்பிப் போட்டால் ஃபிரிட்ஜ்!

பிரஷர் குக்கரில் பருப்பு ஏன் சீக்கிரம் வேகிறது? உள்ளே அழுத்தம் கூடுவதால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரியில் கொதிக்கிறது. ஊட்டியில் நேர் எதிர். காற்றழுத்தம் குறைவு என்பதால் 92, 93 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். அங்கே குக்கர் இல்லாமல் சோறாக்கிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிரமம் புரியும்.

அழுத்தத்தைக் குறைத்தால் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். ஃபிரிட்ஜின் ரகசியம் இவ்வளவுதான். இப்போதைய பல ஏசிகளில் இருக்கும் ஆர்-32 என்ற கேஸ், திறந்த வெளியில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். கம்ப்ரஸர் அதை அமுக்கி, வெளியில் இருக்கும் கண்டென்ஸருக்கு அனுப்புகிறது. அங்கே சூட்டை இழந்து திரவமாகிறது. அப்போது குழாய்க்குள் அழுத்தம், கொளுத்தும் மதியத்தில் 400 பி.எஸ்.ஐ-யைத் தாண்டும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று முப்பதுக்குச் சற்று மேல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்தத் திரவம் ஒரு குறுகலான வாசலைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று 120 பி.எஸ்.ஐ அளவுக்கு விழுகிறது. விழுந்ததும் அது 5, 6 டிகிரியிலேயே கொதிக்க ஆரம்பிக்கிறது. கொதிக்கச் சூடு வேண்டுமே? அறையில் இருக்கும் சூட்டைத்தான் பிடுங்கிக்கொள்கிறது. நமக்கு ஜில்லென்று இருக்கிறது. அந்தக் குறுகலான வாசல்தான் எக்ஸ்பான்ஷன் வால்வு.

காவிரிக்காரர்களுக்குப் புதுசா என்ன?

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கப் பெரிய பாடம் தேவையில்லை. கல்லணைக்கு வந்து நின்றால் போதும். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரியும் இடத்தில், ஷட்டரை எவ்வளவு தூக்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சமாகத் தூக்கினால் தலைமடை நனையும், கடைமடை காயும். அதிகமாகத் தூக்கினால் வயல் மூழ்கும். கல்லணைக் கால்வாய் மட்டும் சுமார் 148 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை தாண்டி பேராவூரணிப் பக்கம் இருக்கும் விவசாயி, மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்த செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்படுவதில்லை. தன் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தால்தான் அவருக்கு அது செய்தி.

ஏசியின் கூலிங் காயிலும் இப்படி ஒரு நீண்ட வாய்க்கால்தான். வால்வு கொஞ்சமாகத் திறந்தால் காயிலின் ஆரம்பத்திலேயே திரவம் முழுக்க ஆவியாகிவிடும். மிச்ச நீளம் வெறும் குழாய், குளிர் இல்லை. அதிகமாகத் திறந்தால் ஆவியாகாத திரவம் கடைசிவரை ஓடி கம்ப்ரஸருக்குள் புகுந்துவிடும். ஆவியைத்தான் கம்ப்ரஸரால் அமுக்க முடியும். திரவத்தை அமுக்கப் பார்த்தால் அதன் உள்ளே வால்வு தகடுகளே உடையலாம்.

வீட்டு ஃபிரிட்ஜில் ஷட்டர் என்று தனியாக எதுவும் கிடையாது. கேபிலரி என்ற இரண்டு, மூன்று மீட்டர் நீளமான செம்புக் குழாய்தான் அந்த வேலையைச் செய்கிறது. உள்துளை 0.7 மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். பிள்ளைகள் பட்டன் பென்சிலில் போடும் 0.7 லெட் இருக்கிறதே, அதே கனம். ஏற்றவோ இறக்கவோ முடியாது. வாய்க்காலில் நிரந்தரமாகப் பதித்த ஒரு சின்னக் குழாய் மாதிரி. விலை குறைவு, ரிப்பேருக்கு ஒன்றுமில்லை, அடைப்பைத் தவிர.

இந்தக் குழாய் எப்போதும் திறந்தே இருப்பதால் ஒரு வசதி உண்டு. மெஷின் நின்றதும், இரண்டு பக்க அழுத்தமும் சில நிமிடங்களில் சமமாகிவிடும். கரன்ட் போய் உடனே வந்தால் ஸ்டெபிலைசர் மூன்று நிமிஷம் காக்க வைக்கிறதே, அது இதற்காகத்தான். அந்த நேரத்தைக் கொடுக்காமல் ஆன் செய்தால், எதிரே நிற்கும் அழுத்தத்தைத் தள்ள முடியாமல் கம்ப்ரஸர் உறுமிவிட்டு நிற்கும்.

கடைமடையில் ஒரு லஸ்கர்

பெரிய மெஷின்களுக்கு இந்த நிரந்தரக் குழாய் போதாது. வெயில் ஏறும், இறங்கும். கதவு திறக்கும், மூடும். சூடான சரக்கு உள்ளே வரும். அதற்கேற்ப ஷட்டர் அசைய வேண்டும். இங்கேதான் தெர்மோஸ்டாட்டிக் எக்ஸ்பான்ஷன் வால்வு வருகிறது. இதன் அமைப்பைப் பார்த்தால், பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த யாரோ யோசித்தது மாதிரியே இருக்கும்!

வால்வு நிற்பது காயிலின் தலைமடையில். அதிலிருந்து மெல்லிய வால் போன்ற ஒரு குழாய் நீண்டு, காயிலின் கடைமடைக்குப் போகிறது. அதன் நுனியில் விரல் கனத்தில் ஒரு செம்புக் குமிழ். அதை 'பல்ப்' என்பார்கள். கடைசிக் குழாயோடு சேர்த்துக் கிளாம்ப் போட்டு இறுக்கியிருப்பார்கள். குமிழுக்குள்ளும் கொஞ்சம் கேஸ் உண்டு. கடைமடை சூடானால் அந்தக் கேஸ் விரிந்து, வால் வழியாக வால்வின் தலையில் இருக்கும் மெல்லிய தகட்டை அழுத்தும். வாசல் கூடுதலாகத் திறக்கும். கடைமடை ரொம்பக் குளிர்ந்தால் குமிழ் சுருங்கும். கீழே இருக்கும் ஸ்பிரிங் வாசலை மூடப் பார்க்கும். கரன்ட் வேண்டாம், ஆள் வேண்டாம். கடைமடையில் நிற்கும் லஸ்கர், தலைமடை ஷட்டரைத் தானே இயக்குவது மாதிரி.

அந்த லஸ்கர் தப்பான இடத்தில் நின்றால்? கிளாம்ப் தளர்ந்து, குமிழ் குழாயை விட்டு விலகினால், அது வெளிக்காற்றின் சூட்டை உணர்ந்து 'கடைமடை காய்கிறது' என்று பொய்த் தகவல் கொடுக்கும். வால்வு முழுக்கத் திறந்து திரவம் கம்ப்ரஸருக்கே போய்விடும். ஒரு கிளாம்பும், அதன்மேல் சுற்றவேண்டிய இன்சுலேஷனும் இல்லாததால் பெரிய கம்ப்ரஸரே போகலாம். குமிழில் இருக்கும் கேஸ் கசிந்துவிட்டால் இதற்கு நேர்மாறு. வால்வு மூடிக்கொள்ளும், குளிர் நிற்கும். அப்போதும் கேஜில் முள் இறங்கும்; அப்போதும் 'கேஸ் இல்லை' என்ற முடிவுதான் எடுக்கப்படும்.

வால்வில் திருகு ஒன்றும் உண்டு. அனுபவசாலிகள் அதை கால் திருப்பு திருப்பிவிட்டு, கால் மணி நேரமாவது காத்திருப்பார்கள். ஷட்டரைத் தூக்கிய உடனே கடைமடையில் போய் நின்று 'தண்ணி வரலையே' என்று மறுபடி தூக்கினால் என்ன ஆகும், அதேதான்.

இந்த வால்வுக்கு விவசாயக் குடும்பத்தோடு ஓர் உறவும் இருக்கிறது. டென்மார்க்கின் ஆல்ஸ் தீவில் பிறந்த மட்ஸ் கிளவ்ஸன் என்ற விவசாயி மகன், 1933-ல் பெற்றோரின் பண்ணை வீட்டுப் பரணில் உட்கார்ந்து எக்ஸ்பான்ஷன் வால்வு தயாரிக்க ஆரம்பித்தார். அமெரிக்க வால்வுகளை இறக்குமதி செய்வதில் அப்போது கெடுபிடி. அந்த இடைவெளியில் நுழைந்தார். பரணில் பிறந்த கம்பெனிதான் இன்றைய டான்ஃபோஸ். சென்னை அருகே ஒரகடத்தில் அதன் தொழிற்சாலை இருக்கிறது.

இப்போது சில இன்வெர்ட்டர் ஏசிகளில் எலெக்ட்ரானிக் வால்வு வந்துவிட்டது. சென்சார் சொல்ல, குட்டி மோட்டார் ஊசியை நூற்றுக்கணக்கான படிகளில் ஏற்றி இறக்கும். வேலை அதேதான்.

கசிவா, அடைப்பா?

வீட்டுப் பணம் வீணாவது இந்தக் கேள்வியில்தான். கசிவானாலும் அடைப்பானாலும் கேஜ் ஒரே கதையைத்தான் சொல்லும். காயிலின் ஆரம்பத்தில் மட்டும் கொஞ்சம் பனி, மிச்சமெல்லாம் வெதுவெதுப்பு என்பதும் இரண்டுக்கும் பொது. அடைப்பு இருக்கும் மெஷினில் கேஸை ஏற்றினால், அது அடைப்புக்கு முன்னால் கண்டென்ஸரில் போய்த் தேங்கும். அழுத்தம் எகிறும், கம்ப்ரஸர் சூடாகும். முதல் வாரம் ஏதோ குளிர்வது மாதிரி தெரியும். அடுத்த செலவு கம்ப்ரஸருக்கு.

காயில் முழுக்க ஐஸ் மூடிக்கொண்டால் கதையே வேறு. அது பெரும்பாலும் காற்று போகாத பிரச்னை. ஏசியில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினாலே பல நேரம் சரியாகிவிடும். செலவு ஒரு வாளி தண்ணீர்.

ஈர அடைப்புக்கு ஒரு சுவாரசியமான அடையாளம் உண்டு. ஃபிரிட்ஜ் நன்றாகக் குளிரும், பிறகு திடீரென்று நின்றுவிடும். ராத்திரி முழுக்க ஆஃப் செய்துவிட்டுக் காலையில் போட்டால் மறுபடி குளிரும். மதியத்துக்குள் திரும்ப மக்கர். குழாய்க்குள் புகுந்த துளி ஈரம், கேபிலரியின் வாயில் ஐஸாக உறைந்து அடைப்பதும், ஆஃப் செய்ததும் உருகி விலகுவதும்தான் காரணம். 0.7 மில்லிமீட்டர் ஓட்டையை அடைக்க எவ்வளவு ஐஸ் வேண்டும்?

அந்த ஈரம் உள்ளே எப்படிப் போனது? பெரும்பாலும் போன தடவை கேஸ் ஏற்றியபோது. குழாயைத் திறந்து வேலை செய்தால், மூடுவதற்கு முன் வேக்குவம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். கூடவே ஃபில்டர் டிரையரைப் புதிதாகப் போட வேண்டும். ஈரத்தையும் தூசியையும் பிடித்துக்கொள்ளும் சின்ன உருளை அது. அவசரத்தில் இரண்டும் விடுபடுகின்றன. இப்போதைய ஃபிரிட்ஜ்களில் இருக்கும் ஆர்-600ஏ கேஸில் இன்னொரு சிக்கல். ஃபிரீஸர் பக்கக் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாகவே இருக்கும். அங்கே ஓட்டை விழுந்தால் கேஸ் வெளியே வருவதைவிட, நம் ஊர்ப் புழுக்கக் காற்று உள்ளே போவதுதான் முதலில் நடக்கும்.

இதற்காக மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நைட்ரஜன் அடைத்து, சோப்பு நுரை தடவி, கசிவைத் தேட ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அந்த நேரத்துக்குக் கூலி கேட்டால் நாம் கொடுப்பதில்லை. 'சீக்கிரம் ஏத்திவிட்டுப் போப்பா' என்பதும் நாம்தான். சீசனில் நாளுக்குப் பத்து வீடு ஓடுகிறவர் வேறு என்ன செய்வார்?

ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்கலாம். கசிவு எந்த இடத்தில்? அதை அடைத்தாகிவிட்டதா? வேக்குவம் வைத்தாயா தம்பி? டிரையர் மாற்றினாயா? கேஸை முள்ளைப் பார்த்து ஏற்றினாயா, எடை போட்டா? கடைசிக் கேள்வி ஃபிரிட்ஜுக்கு ரொம்ப முக்கியம். ஆர்-600ஏ ஃபிரிட்ஜில் மொத்தமே 50 கிராம் அளவுக்குத்தான் கேஸ் இருக்கும். அதில் பத்து கிராம் தப்பினால் ஐந்தில் ஒரு பங்கு போச்சு.

அந்தக் கேஸ் நம் சமையல் கேஸுக்கு நெருங்கிய சொந்தம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். உள்ளே கேஸ் இருக்கும்போதே, அடைத்த அறையில் வெல்டிங் டார்ச்சைப் பற்றவைப்பது ஆபத்து. ஆர்-32-ம் ஓரளவு தீப்பற்றும் வகைதான். பழைய ஆர்-22 ஏசிகளில் 'கிடைத்ததை' ஏற்றும் பழக்கமும் கூடாது. ஓசோனைக் கெடுக்கும் அந்த வகை கேஸ்களை 2030-க்குள் இந்தியா கைவிட வேண்டும். கிகாலி ஒப்பந்தப்படி அடுத்த தலைமுறை கேஸ்களுக்கும் 2028-ல் உச்சவரம்பு வருகிறது. அதனால் சந்தையில் கேஸ் வகைகள் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு கேஸுக்கு அளவெடுத்த கேபிலரியும் வால்வும் இன்னொன்றுக்குப் பொருந்தாது. எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்பது மெஷினில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். வெயிலில் வெளுத்துப்போவதற்குள் அதை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

நான்கு டிகிரிக்காக ஓடும் பால்

வீட்டில் வால்வு அடைத்தால் மாவு புளிக்கும், வியர்க்கும். கிராமத்துப் பால் சங்கத்தில் அடைத்தால் பல குடும்பங்களின் அன்றைய வருமானம் போகும்.

மாட்டின் மடியிலிருந்து பால் 37, 38 டிகிரி சூட்டில் வருகிறது. கெடுக்கும் பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. சில வகைகள் அரை மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். அதனால்தான் ஊருக்குள்ளேயே பெரிய ஸ்டீல் தொட்டி வைத்து, கறந்த சில மணி நேரத்துக்குள் 4 டிகிரிக்குக் கொண்டுவருகிறார்கள். தொட்டியின் அடித்தகடே கூலிங் காயில். அதற்குள் திரவத்தை அளந்து விடுவது எக்ஸ்பான்ஷன் வால்வு.

காலைப் பால் ஏற்கெனவே குளிர்ந்திருக்கும்போது, சாயங்காலம் சூடான பால் வந்து விழும். அந்த நேரத்தில் குமிழ் அதை உணர்ந்து வாசலைத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கரன்ட் மீட்டரும் ஓடும். ஆனால் தெர்மாமீட்டர் 9, 10 டிகிரியில் நின்றுவிடும். மெஷின் ஓடும் சத்தம் கேட்பதால் யாருக்கும் சந்தேகம் வராது, டேங்கர் வந்து பரிசோதிக்கும்வரை. கும்பகோணம் டிகிரி காபிக்குப் பால் கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது, வழியெல்லாம் குளிராகவும் இருந்திருக்க வேண்டும்.

தொட்டியின் வெப்பநிலையை மணிக்கொரு முறை நோட்டில் எழுதும் பழக்கம் இருக்கும் இடங்களில் இந்தக் கோளாறு சீக்கிரம் பிடிபடும். நேற்று இரண்டரை மணி நேரத்தில் இறங்கியது, இன்று நாலு மணி நேரம் ஆகிறது என்றால், வால்வும் டிரையரும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

கொள்ளிடம் இல்லாத அணை

டெல்டாவின் கடற்கரைக்குப் போனால் குளிரின் அளவே வேறு. நாகப்பட்டினம், மல்லிப்பட்டினம் பக்கம் படகுகள் கடலுக்குப் போக ஐஸ் வேண்டும். ஐஸ் ஆலைகளில் பெரும்பாலும் அமோனியாதான். மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும், விலை குறைவு, ஓசோனுக்குக் கேடில்லை. ஆனால் மூச்சில் ஏறினால் நுரையீரலைச் சுடும். கண்ணைப் பறிக்கவும் கூடும்.

2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே புதூர் பாண்டியாபுரத்தில் ஒரு கடல் உணவு ஆலையில் அமோனியா கசிந்து, ஏறத்தாழ முப்பது பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மீன் ஆயும் வேலைக்குப் போனவர்கள் அவர்கள். பக்கத்து அறையில் ஓடும் குழாய்களில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஆலையின் பொறுப்பு.

இங்கே குளிரைப் பிறப்பிக்கும் வால்வைவிட, உயிரைக் காக்கும் வால்வுகள் முக்கியம். குக்கரில் வெயிட் அடைத்துக்கொண்டால் சேஃப்டி வால்வு உருகி வழிவிடுமே, அதுபோல அமோனியா தொட்டிகளிலும் சேஃப்டி வால்வு உண்டு. வெள்ளம் வந்தால் உபரித் தண்ணீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிட்டுத்தான் டெல்டாவைக் காப்பாற்றுகிறார்கள். சேஃப்டி வால்வை அடைத்துவைப்பதும், 'லேசா கசியுது' என்று அதன் கீழ் இருக்கும் வால்வை மூடிவைப்பதும் கொள்ளிடத்தை மூடிவிட்டு வெள்ளத்துக்குக் காத்திருப்பதற்குச் சமம்.

அதிகம் பேசப்படாத ஆபத்து இன்னொன்று. ரிப்பேருக்காகக் குழாயின் இரண்டு முனையிலும் வால்வை மூடுவார்கள். நடுவில் அமோனியா திரவம் முழுசாக மாட்டிக்கொண்டால், வெயில் ஏற ஏற அது விரியும். திரவத்துக்கு விரிய இடமில்லை. இரும்புக் குழாயே பிளந்துவிடும். அதனால் முதலில் வரும் பக்கத்தை மட்டும் மூடி, நடுவில் இருப்பதை இழுத்து முடித்த பிறகே அடுத்த பக்கத்தை மூட வேண்டும்.

கசிவு ஏற்பட்டால் காற்றுக்குக் குறுக்காகவோ எதிராகவோ விலகி ஓட வேண்டும். காற்று போகும் திசையில் ஓடக் கூடாது. ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடலாம். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிஷம் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

அமோனியா ஆலைகளில் விபத்துகள் அதிகம் நடக்கும் வேலைகளில் ஒன்று, தொட்டியின் அடியில் தேங்கும் எண்ணெயை வடிப்பது. எண்ணெய் தீர்ந்த அடுத்த நொடி அமோனியா பீய்ச்சும். வடிப்பவர் பயந்து ஓடினால் வால்வு திறந்தேதான் இருக்கும். இதற்காகவே ஸ்பிரிங் வைத்த வால்வு ஒன்று இருக்கிறது. கையால் பிடித்திருக்கும்வரைதான் திறந்திருக்கும். கையை விட்டால் தானாக மூடிக்கொள்ளும். ஆலை நடத்துவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அதன் விலை பெரிய தொகையே இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்பதால் ஐஸுக்கு அவசரம் இல்லாத நாட்கள் அவை. வால்வுகளைக் கழற்றிப் பார்க்கவும், எண்ணெய் வடிக்கும் இடத்தில் ஸ்பிரிங் வால்வு இல்லையென்றால் மாட்டவும், அந்த 61 நாட்கள் தாராளம்.